ஈ-ரீடரில் தமிழ் வாசிக்க எந்தத் திறமூல மென்பொருளைப் போடலாம்?

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். பகலில் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன், பின்னேரம் வாசிகசாலை. அங்கே அலுமாரியில் புத்தகங்களோடு சில ஈ-ரீடர்களும், அதாவது மின்னூல் வாசிக்கும் கருவிகளும், இருக்கின்றன. ஒன்றுகூடப் புதிதாக வாங்கியதில்லை. கனடாவிலிருந்து லீவில் வந்த குடும்பம் கொடுத்தது, கொழும்பில் யாரோ பாவித்துவிட்டு விற்றது, டுபாயில் வேலை செய்யும் பழைய மாணவன் அனுப்பியது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. எதில் எந்த மென்பொருள் சரிவரும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பதால் அவர்களை நினைத்தே எழுதுகிறேன். ஆனால் ஈ-இங்க் திரையில், அதாவது ஈ-ரீடர்களில் இருக்கும் அச்சுத்தாள் போன்ற திரையில், தமிழ் வாசிக்க விரும்பும் எவருக்கும் இது உதவும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது கோபோ நிறுவனத்தின் ஈ-ரீடர் என்றால், அதன் சொந்த மென்பொருளை அழிக்காமல் அதற்கு மேல் கோரீடர் என்ற திறமூல வாசிப்பு மென்பொருளைப் போடுங்கள். அமேசானின் கிண்டில் என்றால், அது தமிழை ஒழுங்காகவே காட்டும். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள் வாசிக்கத் தேவை இருந்தால் மட்டும், கோரீடர் போடுவதற்காக அதன் பூட்டைத் திறக்கும் வேலையில் இறங்குங்கள். அண்ட்ரொய்ட் ஓடும் கருவி என்றால் கோரீடரைச் செயலியாகவே நிறுவலாம். இயங்குதளத்தையே முழுசாக மாற்றுவது லினக்ஸில் கைபழகியவர்களுக்கு உரிய வேலை.

எதை வாசிக்கப்போகிறீர்கள்?

பலரும் கருவியில் தொடங்குகிறார்கள். நான் கோப்பில் தொடங்கச் சொல்வேன். எங்கள் பிள்ளைகள் வாசிப்பவை மூன்று விதம்.

முதலாவது ஈபப் என்ற மின்னூல் வடிவம். எழுத்தைப் பெருப்பித்தால் வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும் வகை. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அங்கே ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரைக்கும் இருக்கிறது. இந்த வகைக்கு எந்த நல்ல மென்பொருளும் போதும், தமிழ் எழுத்தைச் சரியாகச் சேர்த்துக் காட்டத் தெரிந்திருந்தால்.

இரண்டாவது பாடப்புத்தகம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைப் பிடிஎஃப்பாக இலவசமாகத் தருகிறது. பக்கம் பெரிது, படங்கள் வண்ணம். ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் தமிழ் இலக்கியமும் வரலாறும் வாசிக்கலாம், விஞ்ஞானப் புத்தகத்துக்குப் போனையே எடுப்பது நல்லது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள், தொழிற்சங்க மலர்கள், பாடசாலை விழா மலர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் எழுத்தை இப்படிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. மலையகத்தில் எழுதப்பட்ட எத்தனையோ புத்தகங்கள் ஒரே பதிப்போடு நின்றுபோனவை. தாத்தா பாட்டி காலத்துத் தோட்ட வாழ்க்கையை அந்தக் காலத்து ஆட்களே எழுதியதை எங்கள் பிள்ளைகள் வாசிக்க இதை விட்டால் வேறு வழி அதிகமில்லை. போனில் அவற்றை வாசிப்பது கண்ணுக்கு வேதனை, அச்செடுக்கக் காசு போதாது. இந்த வகைக் கோப்பை நன்றாகக் கையாளும் மென்பொருளைத்தான் நான் தேடினேன். கோரீடரில் வந்து நின்றதற்கும் இதுதான் காரணம்.

ஒரு சொல்லை வைத்துச் சோதியுங்கள்

தமிழ் எழுத்துகள் கோப்பில் சேமிக்கப்படும் வரிசையும் திரையில் தெரியும் வரிசையும் ஒன்றல்ல. ‘கொ’ என்று எழுதினால் கோப்பில் முதலில் க, அதற்குப் பின்னால் ஒகரக் குறி. திரையில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த வேலையைச் செய்வதற்கு மென்பொருளுக்குள் எழுத்துகளை வடிவமைக்கும் ஒரு பகுதி இருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள்களில் இதற்குப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பைப் பாவிக்கிறார்கள். ஃபயர்ஃபொக்ஸ், அண்ட்ரொய்ட், லிப்ரெஒஃபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. அது இல்லாத வாசிப்பு மென்பொருளில் தமிழ் சிதறிப்போகும்.

வாசிகசாலைக்கு வந்த ஒரு சிறிய, மலிவான கருவியை உயர்தர மாணவி ஒருத்தி திறந்து பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள். “டீச்சர், கொம்பெல்லாம் இடம் மாறிக் கிடக்குது, இத எப்பிடி வாசிக்கிறது?” என்றாள். தேயிலை என்ற சொல்லில் ஏகாரக் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னால். ஆங்கிலம் அழகாகத் தெரிந்தது. பெட்டியில் ‘பல மொழிகளை ஆதரிக்கும்’ என்றுதான் அச்சடித்திருந்தது.

அதனால் வாங்குமுன், அல்லது மென்பொருளைத் தேர்ந்ததும், சில சொற்களை ஒரு சிறிய கோப்பில் எழுதித் திறந்து பாருங்கள். நான் வைத்திருக்கும் சொற்கள் இவை: கொழுந்து, தேயிலை, லக்ஷபான, ஸ்ரீபாத. கொழுந்து என்ற ஒரே சொல்லில் பிரியும் உயிர்க்குறி, ‘ழு’, ‘து’ என்று உருமாறி ஒட்டும் எழுத்துகள், மெய்ப்புள்ளி எல்லாம் வந்துவிடுகின்றன. லக்ஷபானவும் ஸ்ரீபாதவும் கூட்டெழுத்துகளுக்கு. இந்த நான்கும் ஒழுங்காக வந்தால் மற்றவையும் வரும். ஒன்று பிழைத்தாலும் அந்த மென்பொருளை விட்டுவிடுங்கள். எழுத்துருவை மாற்றிப் பார்க்கலாம் என்று நாட்களைச் செலவழிக்காதீர்கள், எழுத்து வடிவமைப்பே இல்லாத இடத்தில் எழுத்துரு ஒன்றும் செய்யாது.

மிகச் சிறிய நுண்கட்டுப்படுத்திகளில் ஓடும் கட்டற்ற ஈ-ரீடர் திட்டங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றைச் செய்கிறவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஈஎஸ்பி32 போன்ற சில்லில் நினைவகம் சில நூறு கிலோபைட்தான், ஹார்ஃப்பஸ் போன்ற ஒன்றை அதற்குள் அடக்குவது சுலபமல்ல. தமிழுக்கு இந்த வகையை எடுக்குமுன் கொழுந்து என்ற சொல்லைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நான்கு வழிகள்

முதல் வழி, கருவியோடு வந்த மென்பொருளையே பாவிப்பது. இரண்டாவது, அதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு திறமூல வாசிப்பு மென்பொருளைப் போடுவது. மூன்றாவது, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு வேறு இயங்குதளம் போடுவது. நான்காவது, பிறக்கும்போதே திறந்த கருவியாகப் பிறந்ததை வாங்குவது.

இரண்டாவது வழியைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். லயத்து வீட்டுக்கு முன்னால் ஒரு தாழ்வாரம் இறக்கிக் கட்டுவது மாதிரி அது. வீடு அப்படியே இருக்கும், தாழ்வாரம் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். கோபோவின் உள்ளே ஏற்கெனவே ஓடுவது லினக்ஸ்தான், தன் மூலநிரலின் பகுதிகளையும் அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. வெளியிலிருந்து மென்பொருள் சேர்க்கப் பூட்டு எதையும் உடைக்கத் தேவையில்லை. அதனால்தான் கோபோவுக்கு இவ்வளவு கட்டற்ற மென்பொருள்கள் வந்தன.

கோபோவுக்கு மேலே போட இரண்டு பெயர் அடிபடும்: கோரீடர், பிளேட்டோ. பிளேட்டோ ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது, கோபோவுக்கு மட்டும். வேகமும் எளிமையும் அதன் பலம், பழைய கருவியிலும் சட்டென்று திறக்கும். கோரீடர் கோபோ, கிண்டில், பொக்கெட்புக், ரிமார்க்கபிள், அண்ட்ரொய்ட், சாதாரண லினக்ஸ் கணினி எல்லாவற்றிலும் ஓடும். ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. எங்களைப் போலப் பல வகைக் கருவி வைத்திருக்கும் இடத்துக்கு இது பெரிய உதவி, ஒரு பிள்ளை ஒரு கருவியில் பழகினால் எல்லாவற்றையும் பழகின மாதிரி. கோரீடரின் பட்டியல்கள் அதிகம்தான், முதல் கிழமை தலை சுற்றும். ஆனால் தமிழுக்குத் தேவையான நுணுக்கங்கள் அந்தப் பட்டியல்களுக்குள்தான் இருக்கின்றன.

மூன்றாவது வழியில் பழைய கோபோ மாதிரிகளுக்கு இன்க்பொக்ஸ் என்று தொடங்கிப் பிறகு குவில் என்று பெயர் மாறிய இயங்குதளம் இருக்கிறது. அல்பைன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் சில ஈ-ரீடர்களிலும் ஓடும். கருவியைச் சிறிய கணினியாக்கிப் பார்க்க விருப்பமானவர்களுக்கு இவை நல்ல களம். போடுமுன் இரண்டு விடயம் பாருங்கள்: உங்கள் மாதிரியின் பெயர் ஆதரவுப் பட்டியலில் நேராக இருக்கிறதா, திட்டத்தின் மூலநிரலில் கடைசியாக எப்போது கை வைத்திருக்கிறார்கள். ‘கிட்டத்தட்ட இதே மாதிரி’ என்பது போதாது, ஈ-இங்க் திரையை இயக்கும் பகுதி மாதிரிக்கு மாதிரி வேறுபடும்.

நான்காவது வழிக்குப் பைன்64 நிறுவனத்தின் பைன்நோட் நல்ல உதாரணம். 10.3 அங்குலத் திரை, 4 ஜிபி நினைவகம், 128 ஜிபி சேமிப்பு, உள்ளே டெபியன் லினக்ஸ் போடலாம். ஏ4 பக்கத்து ஸ்கேன் வாசிக்க அந்த அளவுத் திரைதான் சுகம். ஆனால் அது மென்பொருள் எழுதுகிறவர்களை நினைத்துச் செய்த கருவி. பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக இருக்கக்கூடியதல்ல.

கோபோவில் போடும் முறை

கணினி ஒன்றும் யூஎஸ்பி வயரும் வேண்டும். பட்டறி பாதிக்கு மேல் இருக்கட்டும். தரவிறக்கம் செய்ய வேண்டியதை ஹட்டனுக்குப் போகும் நாளில் நல்ல சிக்னலில் எடுத்து வைத்துக்கொண்டால், மிச்ச வேலைக்கு இணையம் தேவையில்லை.

முதலில் கருவியின் அமைப்புப் பகுதியில் மென்பொருள் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு ஏற்ற நிக்கல்மெனுவை எடுங்கள். நிக்கல் என்பது கோபோவின் சொந்த மென்பொருளின் பெயர், நிக்கல்மெனு அதன் முகப்பில் நமக்கென்று ஒரு பட்டியலைச் சேர்க்கிறது. கருவியைக் கணினியில் கொழுவியதும் உள்ளே புள்ளியில் தொடங்கும் பெயரோடு கோபோ என்ற மறைந்த கோப்புறை இருக்கும். மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி கணினிக்குக் கட்டளை கொடுத்தால்தான் தெரியும். நிக்கல்மெனுவின் கோபோரூட் பொதியை விரிக்காமல் அப்படியே அந்தக் கோப்புறையில் போட்டு, முறையாக வெளியேற்றி, வயரைக் கழற்றுங்கள். ‘புதுப்பிக்கிறேன்’ என்று காட்டிக் கருவி தானாக மறுபடி தொடங்கும்.

அடுத்து கோரீடர். அதன் பொதியை விரித்து, புள்ளியோடு தொடங்கும் ஏட்ஸ் கோப்புறைக்குள் கோரீடர் கோப்புறையை வையுங்கள். பிறகு நிக்கல்மெனுவின் அமைப்புக் கோப்பில் கோரீடரைத் தொடங்கும் வரியைச் சேர்க்க வேண்டும். இன்னொரு சிறிய வேலை: கோபோ தன் புத்தகப் பட்டியலைத் தயாரிக்கும்போது கோரீடரின் உள்ளே இருக்கும் படங்களையும் புத்தகமென்று சேர்த்துக்கொள்ளும், மறைந்த கோப்புறைகளைத் தவிர்க்கச் சொல்லும் வரியைக் கோபோவின் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இதெல்லாம் கையால் செய்ய விருப்பமில்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடும் நிறுவல் பொதிகளும் இருக்கின்றன. முதல் கருவியைக் கையால் செய்து பாருங்கள் என்பேன். எது எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கோபோவின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் நிக்கல்மெனுவைச் சில வேளை மறுபடி போட வேண்டி வரும். கோரீடரும் புத்தகங்களும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் கோரீடர் கோப்புறையை அழித்தால் போதும்.

டச், குளோ, கிளாரா எச்டி போன்ற மாதிரிகளில் சேமிப்பகம் உள்ளே ஒரு மைக்ரோ எஸ்டி அட்டைதான். பின்மூடியைப் பக்குவமாகத் திறந்து அந்த அட்டையை முழுசாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டால், எதைப் போட்டுக் கெடுத்தாலும் மீட்டுவிடலாம். மூன்றாவது வழியில் இறங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் இறங்க வேண்டாம்.

தமிழுக்கு ஏற்ற அமைப்பு

எழுத்துருவில் தொடங்குவோம். நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வேண்டியதைக் கோரீடரின் எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டு, ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, திரையின் மேல் பகுதியைத் தொட்டு எழுத்துருப் பட்டியலுக்குப் போங்கள். பெயரை அழுத்திப் பிடித்தால் அதையே இயல்பு எழுத்துருவாகவும், ஆங்கிலப் புத்தகத்துக்குள் தமிழ் வந்தால் கைகொடுக்கும் மாற்று எழுத்துருவாகவும் வைக்கலாம்.

அப்புறம் கீழ்ப்பகுதியைத் தொட்டால் வரும் பட்டியல். அங்கே எழுத்து இடைவெளி நேர்த்தி, அதாவது கெர்னிங், என்ற வரி இருக்கும். அது ‘சிறந்தது’ என்ற நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலையில்தான் ஹார்ஃப்பஸ் முழுசாக வேலை செய்யும். வேகம் கூட வேண்டுமென்று யாராவது குறைத்து வைத்தால் கொம்புகள் மறுபடி இடம் மாறலாம். பிள்ளைகள் எதையாவது தட்டிவிட்டு ‘எழுத்து பழுதாகிட்டுது’ என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இரு ஓரமும் நேராக அடைத்தால் ஆறு அங்குலத் திரையில் ஒரு வரியில் மூன்று சொல் விழுந்து நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி தெரியும். இடப்பக்கம் மட்டும் நேராக வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இரு ஓரமும் நேராக வேண்டுமென்றால் சொல் விரிவு என்ற அமைப்பைக் கூட்டுங்கள், இடைவெளியின் ஒரு பங்கை எழுத்துகளுக்கு நடுவே பிரித்துக் கொடுக்கும். ஓரங்களைக் குறைத்து இன்னும் ஒரு சொல்லுக்கு இடம் செய்வதும் உதவும்.

எழுத்தின் தடிப்பும் கவனிக்க வேண்டியது. பழைய கோபோ டச் போன்ற 800க்கு 600 புள்ளித் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிதான். சிறிய அளவில் ‘ண’வின் சுழியும் ‘ன’வின் சுழியும் ஒன்றாகத் தெரியும், மெய்ப்புள்ளி திரையில் விழுந்த தூசி மாதிரி இருக்கும். தடிப்பை ஒரு படி கூட்டி அளவையும் கூட்டினால் சமாளிக்கலாம். கிளாரா எச்டி, புதிய கிண்டில்கள் போன்றவற்றில் அங்குலத்துக்கு 300 புள்ளி. இந்தத் தொல்லை அவற்றில் இல்லை. ஆங்கிலம் மட்டும் வாசிப்பவருக்கு 167 போதுமாக இருக்கலாம், தமிழுக்கு 300க்குக் காசு சேர்ப்பது வீண் போகாது.

புத்தகத்தோடு வரும் எழுத்துருவை அணைக்கும் வசதியும் கீழ்ப்பட்டியலில் உண்டு. சில ஈபப்களில் பழைய எழுத்துருவை உள்ளே அடைத்து அனுப்பியிருப்பார்கள், அதை அணைத்துவிட்டால் நம் எழுத்துரு வரும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியதை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமல் ஈபப் ஆக்கியிருந்தால் மட்டும் இது எதிராக வேலை செய்து, தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். அந்தக் கோப்பை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பாமினியிலிருந்து மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு.

அகராதி பாவிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கோரீடர் ஸ்டார்டிக்ட் வடிவ அகராதிகளை ஏற்கும். ஆனால் ‘மலைகளிலிருந்து’ என்று தொட்டால் ‘மலை’யைத் தானாகக் கண்டுபிடிக்காது. தேடல் பெட்டியில் வேற்றுமை உருபை வெட்டிவிட்டுத் தேட வேண்டும். பிள்ளைகளுக்கு இது இலக்கணப் பயிற்சியாகவும் ஆகிறது.

ஸ்கேன் புத்தகங்கள்

நூலகம் திட்டத்திலிருந்து எடுத்த ஒரு பழைய சஞ்சிகையைத் திறந்தால் பக்கம் முழுவதும் ஆறு அங்குலத்துக்குள் சுருங்கி, எழுத்து எறும்பு அளவில் தெரியும். இதைச் சரிசெய்யக் கோரீடரில் மூன்று படி இருக்கிறது. நான் இந்த ஒழுங்கில்தான் போவேன்.

முதலில் ஓரங்களை வெட்டுவது. பிடிஎஃப் திறந்திருக்கும்போது கீழ்ப்பட்டியலில் பக்க வெட்டு என்பதைத் தானியங்கியாக வையுங்கள். ஸ்கேனரின் கறுப்பு விளிம்பு, முத்திரை, பக்கத்தில் யாரோ பேனையால் எழுதியது எல்லாம் இருந்தால் தானியங்கி ஏமாறும். அப்போது கையால் ஒரு கட்டம் வரைந்து கொடுக்கலாம். கூடவே மாறுபாட்டைக் கூட்டுங்கள். மஞ்சளித்த தாள் ஈ-இங்க் திரையில் சாம்பல் நிறமாக வரும், எழுத்தும் மங்கும். மாறுபாடு ஏறினால் தாள் வெளுத்து எழுத்து கறுக்கும். இந்த ஒரே மாற்றத்தில் வாசிக்க முடியாதிருந்த மலர்கள் பல வாசிக்கக்கூடியதாகிவிட்டன.

இரண்டாவது, கருவியைப் படுக்கவைத்துப் பிடிப்பது. திரையைத் திருப்பி அகலத்துக்குப் பொருத்தினால் ஒரு பக்கம் இரண்டு மூன்று திரையாக வரும், எழுத்து அவ்வளவுக்குப் பெருக்கும். தடக்கில்லாமல் வாசிக்க இதுதான் நம்பகமான வழி. இரண்டு பத்தியாக அச்சிட்ட சஞ்சிகைக்குப் பத்திவாரியாகப் பெருப்பிக்கும் முறையை எடுக்கலாம். ஒரு பத்தியின் அடிக்குப் போனதும் அடுத்த பத்தியின் தலைக்குத் தானே போகும்.

மூன்றாவது, மறுஓட்டம். இதைப் பார்த்தபோதுதான் இந்த மென்பொருள் எங்களுக்காகவே செய்தது போல எனக்குப் பட்டது. பிடிஎஃப்பை மறுபடி மடிக்கும் மற்றப் பல மென்பொருள்கள் உள்ளே இருக்கும் எழுத்தைப் பிரித்தெடுத்து அடுக்குகின்றன. ஸ்கேனில் எழுத்தே இல்லை, படம்தான். பாமினி பிடிஎஃப்பில் எழுத்து இருந்தாலும் அது தமிழாக இல்லை. கோரீடர் இதற்குப் பாவிக்கும் கே2பிடிஎஃப்ஓபிடி என்ற பகுதி எழுத்தைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தைப் படமாக எடுத்து, வெள்ளை இடைவெளியை வைத்து வரி எது, சொல் எது என்று பிரித்து, ஒவ்வொரு சொல்லின் படத்தையும் வெட்டித் திரையின் அகலத்துக்குப் புதிதாக அடுக்குகிறது. அதனால் பழைய ஈய எழுத்து, பாமினி, தட்டச்சு எதுவானாலும் ஒன்றுதான். பழைய லகர, னகர ஐகார வடிவங்கள் அச்சில் எப்படி இருந்ததோ அப்படியே பெரிதாக வரும். சாய்ந்து ஸ்கேன் செய்த பக்கத்துக்குத் தானாக நிமிர்த்தும் அமைப்பையும் போடுங்கள். சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் சொல் இடைவெளி என்ற வரியை மாற்றிப் பாருங்கள்.

பழைய கருவியில் மறுஓட்டம் மெதுவாக இருக்கும். கவிதைக்கும் அட்டவணைக்கும் அது சரிவராது, வரிகளை ஒட்டிவிடும். நாட்டார் பாடல் தொகுப்பு என்றால் இரண்டாவது முறைக்கே திரும்பிவிடுங்கள்.

கிண்டில் வைத்திருப்பவர்களுக்கு

அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் மின்னூல்களைக் கிண்டிலில் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அதில் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறது. கடையில் வாங்கியதை வாசிக்க மட்டும் என்றால் அப்படியே விடுங்கள். வாங்கிய புத்தகத்தைத் தளத்திலிருந்து கணினிக்கு இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியை 2025 பெப்ரவரி 26இல் எடுத்துவிட்டார்கள். உங்களிடம் இருக்கும் சொந்தக் கோப்புகளை வயர் வழியாகப் போடுவதற்குத் தடையில்லை.

கிண்டிலில் கோரீடர் போட அதன் பூட்டைத் திறக்க வேண்டும். அது மென்பொருள் பதிப்பைப் பொறுத்தது. 2025 ஜனவரியில் விண்டர்பிரேக் என்ற வழி வெளிவந்து பல மாதிரிகளுக்குப் பொருந்தியது, 5.18.1 பதிப்பில் அமேசான் அதை அடைத்தது. அடைப்பதும் புதிய வழி கண்டுபிடிப்பதும் தொடர்ந்து நடக்கும். ஆகவே பழைய கிண்டில் ஒன்று கைக்கு வந்தால் செய்ய வேண்டிய முதல் காரியம் விமானப் பயன்முறையைப் போடுவது. வைஃபையில் விட்டால் இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், வழியும் அடைபட்டுவிடும். பிறகு பதிப்பு எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுக்கு வழி இருக்கிறதா என்று தேடுங்கள். உத்தரவாதம் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ரிமார்க்கபிள் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அதன் முன்னைய மாதிரிகளில் உள்ளே நுழையும் கடவுச்சொல்லை அமைப்புப் பகுதியிலேயே காட்டுவார்கள். ஆனால் அதற்கான டொல்டெக் மென்பொருள் களஞ்சியம் எல்லாப் பதிப்பையும் ஆதரிப்பதில்லை. ஆதரிக்கும் பதிப்பைப் பார்க்காமல் புதுப்பிக்க வேண்டாம்.

இணையமில்லாமல் பகிர்வது

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சிக்னல் போனால் போனதுதான். அதனால் ஒரு பழைய லெப்டொப்பில் மின்னூல்களை அடுக்கி வைக்கும் கலிபர் என்ற மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறோம். அதுவும் கட்டற்ற மென்பொருள். அதன் உள்ளடக்க வழங்கியைத் தொடக்கிவிட்டால், அறையில் இருக்கும் ரௌட்டர் வழியாகப் பிள்ளைகள் கோரீடரில் ஓபிடிஎஸ் என்ற மின்னூல் பட்டியலைத் திறந்து வேண்டிய புத்தகத்தைத் தாங்களே இறக்கிக்கொள்வார்கள். டேட்டா ஒரு சதமும் போகாது.

கோரீடர் ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் எஸ்டிஆர் என்று முடியும் ஒரு கோப்புறையை உண்டாக்கும். எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம், எதைக் கோடிட்டோம், என்ன குறிப்பு எழுதினோம் எல்லாம் அதற்குள். கருவி மாற்றும்போது புத்தகத்தோடு அந்தக் கோப்புறையையும் பிரதி எடுங்கள். பார்க்க வேண்டாத குப்பை என்று நினைத்து அழித்துவிட்டால் ஒரு தவணை முழுக்கப் போட்ட குறிப்பு போய்விடும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈ-இங்க் திரைக்குள் நிறத்துகள்கள் திரவத்தில் நகர்ந்துதான் எழுத்து உருவாகிறது, குளிரில் அவை மெதுவாக நகரும். டிசம்பர், ஜனவரி விடியலில் முந்தைய பக்கத்தின் நிழல் கொஞ்சம் தங்கினால் பழுதென்று பயப்பட வேண்டாம். கோரீடரின் திரை அமைப்பில் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை முழுசாகப் புதுப்பிப்பது என்று இருக்கும். அந்த மாதங்களில் அதைக் குறைத்து வையுங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிர் உறையும் காலையில் வெளியே வைத்திருந்த கருவியை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

பாவித்த கருவி வாங்கும்போது

கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய கருவி முந்தைய சொந்தக்காரரின் கணக்கோடேயே வந்து சேர்ந்தது. அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. காசு கொடுக்குமுன் கணக்கை நீக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, முதல் திரை வரும் வரைக்கும் கூட நில்லுங்கள். கோபோவில் புதிதாகக் கணக்குத் தொடங்க இணையம் கேட்கும், அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துக் கணக்கில்லாமலே தொடங்கவும் முடியும்.

முழு வெள்ளைப் பக்கத்தையும் முழுக் கறுப்புப் பக்கத்தையும் காட்டச் சொல்லி, மாறாத கோடு ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். கோடு விழுந்த ஈ-இங்க் திரையைத் திருத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும், அதற்கு ஆகும் காசில் இன்னொரு பழைய கருவியே வாங்கலாம். முன்விளக்கை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அப்புறம் உங்கள் சோதனைக் கோப்பைப் போனிலிருந்தோ யூஎஸ்பி வழியாகவோ ஏற்றித் திறக்கச் சொல்லுங்கள். கிண்டில் என்றால் பதிப்பு எண்ணைப் படமெடுத்து, விமானப் பயன்முறையில் வைத்தே பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.